டெல்லி நம்பர் ஃபோர் பை ஃபோர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் அப்பா வழி நிலம் இரண்டு ஏக்கர் இருக்கிறது. மழை பிடித்தால் கடைசி ஒரு கிலோமீட்டர் செம்மண் சேறு. போன ஐப்பசியில் என் காரை டிராக்டர் கட்டித்தான் இழுத்தோம். 5 லட்சத்துக்குள் ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் டிரைவ் தேடுகிறேன். புரோக்கர் ஒருவர் டெல்லி பதிவு டாடா சஃபாரி ஸ்டார்ம் காட்டினார். 2013 மாடல், டீசல், 78,000 கிலோமீட்டர், 3.40 லட்சம், ‘என்.ஓ.சி. ரெடி’, அதாவது வேறு ஊருக்கு மாற்ற ஆட்சேபணையில்லாச் சான்று தயார் என்கிறார். கர்நாடகப் பதிவான கே.ஏ. நம்பரில் அதே வண்டி 5 லட்சத்துக்குக் கீழே வரவில்லை. 20,000 அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்த கை அதன்பிறகு வண்டியில் குறை தேடாது, கொடுத்த பணத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும். இன்சூரன்ஸுக்காக விபத்து வண்டிகளை மதிப்பிடும் வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். என்னிடம் வந்து அழுதவர்களில் பாதிப் பேருக்கு இஞ்சின் கெட்டிருக்கவில்லை. காகிதம் கெட்டிருந்தது.

அந்த விலை ஏன் குறைவு என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்று 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பிறகு தளர்வும் இறுக்கமும் மாறி மாறி வந்தாலும், பழைய டீசல் வண்டிக்கு அங்கே மதிப்பு விழுந்துவிட்டது. அதை வாங்கித் தெற்கே கொண்டுவந்து விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. உங்கள் புரோக்கர் சொல்லும் வண்டிக்கு 10 வயது முடிந்தது 2023-ல். அதற்குப் பிறகு அது யார் கையில் இருந்தது, எந்த ஊரில் ஓடியது, எந்த இன்சூரன்ஸில் ஓடியது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நேரான பதில் வருவது அபூர்வம்.

அடுத்தது அந்த என்.ஓ.சி. அது பொதுவான அனுமதிச் சீட்டு கிடையாது. ஃபாரம் 28-ல் விண்ணப்பித்து வாங்கும் அந்தக் காகிதத்தில், வண்டி எந்த ஆர்.டி.ஓ.வுக்குப் போகிறது என்று பெயர் குறிப்பிட்டிருக்கும். புனேவுக்கு எழுதிய என்.ஓ.சி.யை வைத்துக்கொண்டு பெங்களூரில் ஒன்றும் செய்ய முடியாது. நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி, எந்த ஊருக்கு, என்ன தேதியில், யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். “அதெல்லாம் ஓசூரில் போட்டுத் தருகிறேன் சார், அங்கே வரி கம்மி” என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். நீங்கள் குடியிருப்பது பெங்களூரில். ஒரு மாநிலப் பதிவு வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. டி.என். நம்பரில் ராமமூர்த்தி நகரில் நிறுத்திவைத்தால், என்றைக்காவது ஒரு செக்கிங்கில் ஆயுள் வரியோடு அபராதமும் கேட்பார்கள். அன்றைக்கு அந்தப் புரோக்கரின் போன் அணைந்திருக்கும்.

ஆயுள் வரி என்றேன் இல்லையா, உங்கள் கணக்கு தப்புவது அங்கேதான். கர்நாடகத்தில் காருக்கான ஆயுள் வரி, விலையைப் பொறுத்து 13 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் வரை போகும். வெளிமாநில வண்டிக்கு அதன் வயதுக்கு ஏற்ப ஒரு பகுதியைக் கழிப்பார்கள். ஆனால் கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுக்கும் 3.40 லட்சத்திலிருந்து அல்ல, அந்த வண்டி புதிதாக ஷோரூமை விட்டு வந்தபோது இருந்த விலையிலிருந்து. அது 10 லட்சத்தைத் தாண்டிய வண்டி. டெல்லியில் கட்டிய வரி இங்கே கழியாது. அதற்கு மேல் மறுபதிவுக் கட்டணம், ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவது, புது இன்சூரன்ஸ், நாலு முறை லீவு. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், கே.ஏ. நம்பர் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள், மனநிம்மதி மட்டும் இருக்காது.

எனக்கு ஆற்றாமை இங்கேதான். நாடு முழுவதற்கும் ஒரே ‘வாகன்’ கணினி. டெல்லிக்காரரின் பெயர், சேசிஸ் எண், கடன் பாக்கி எல்லாம் பெங்களூரு ஆர்.டி.ஓ. மேசையில் ஒரு நிமிடத்தில் தெரிகிறது. அப்படியிருந்தும் குடிமகன் ஒரு காகிதத்தை அங்கே வாங்கி இங்கே சுமந்து வர வேண்டியிருக்கிறது. ஓர் அலுவலகத்தில் என் சொந்த வண்டியின் பெயர் மாற்றத்துக்கே ஏழு முறை நடந்திருக்கிறேன். எட்டாவது முறை வாசலில் நின்ற ஏஜென்ட் அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். கவுன்டரில் முடியாதது வாசலில் எப்படி முடிகிறது? இந்த நிலைமை மாறாத வரை புரோக்கர் தொழில் சாகாது.

புரோக்கர் அடுத்து சொல்லப்போவதையும் சொல்லிவிடுகிறேன். “ஓனர் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார் சார், நீங்க எப்ப வேணா மாத்திக்கலாம்.” ஃபாரம் 29-உம் 30-உம் உரிமை மாற்றத்துக்கானவை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி, மூன்று நான்கு கை மாறி, கடைசியில் உங்களிடம் வந்து நிற்கும். ஆர்.சி.யில், அதாவது பதிவுப் புத்தகத்தில் இருக்கிற ஆளை நீங்கள் பார்த்தே இருக்க மாட்டீர்கள். பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த டெல்லிக்காரருக்கு இது தெரியவந்து வண்டியைத் தேட ஆரம்பித்தால், தலைவலி உங்களுக்குத்தான். ஆகவே ஆர்.சி.யில் பெயர் உள்ளவரிடம் நேரில் பேசாமல், அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அல்லாமல், ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். இணைய விளம்பரத்தில் “ராணுவத்தில் இருக்கிறேன், ஏர்போர்ட்டில் டியூட்டி, டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது” என்று பாதி விலைக்கு மாருதி ஜிப்ஸியும் மஹிந்திரா தாரும் விற்கிறவர்கள் முழு மோசடி. சீருடை போட்டோவைப் பார்த்து மயங்காதீர்கள்.

5 லட்சத்துக்குப் பளபளவென்று ஜீப் கிடைக்கிறதே என்று அந்தப் பக்கமும் போகாதீர்கள். வடக்கே பல பழைய வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துப் புதிதாகக் கட்டி, ஏதோ ஒரு பழைய மஹிந்திரா ஆர்.சி.யைப் பொருத்தி அனுப்புகிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 52-வது பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஜீப்புக்கு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று கிடைக்காது, விபத்து நடந்தால் கிளெய்மும் சிக்கல்.

அப்படியானால் எங்கே தேடுவது? குடகு, சக்லேஷ்பூர், சிக்கமகளூரு. காபித் தோட்டத்துக்காரர்கள் ஃபோர் வீல் டிரைவை அலங்காரத்துக்கு வாங்குவதில்லை, அதனால் அதைப் பராமரிக்கவும் தெரிந்தவர்கள். கே.ஏ. 12 அல்லது கே.ஏ. 18 எண்ணில் ஒரு பொலேரோ, பழைய தார், ஜிப்ஸி எது கிடைத்தாலும் போய்ப் பாருங்கள். வெளியே கீறல் நிறைய இருக்கும், அது பரவாயில்லை. மாநிலம் மாறாததால் புது வரி இல்லை, என்.ஓ.சி. ஓட்டமும் குறைவு.

இந்தத் தோட்டத்து வண்டிகளில் ஒரு சங்கதி அடிக்கடி வரும். வண்டி பெரியவர் பெயரில் இருக்கும், பெரியவர் காலமாகியிருப்பார், மகனோ மனைவியோ விற்பார்கள். நல்ல மனிதர்கள், நல்ல வண்டி, விலையும் நியாயம். “அப்பா உயிரோடு இருக்கும்போதே 29, 30-ல் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டார்” என்று நல்லெண்ணத்தோடு எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். இறந்தவர் கையெழுத்தில் உரிமை மாற்றம் செய்தால் அது பொய் ஆவணம், கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஆபத்து. முதலில் ஃபாரம் 31-ல் வண்டி வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்கு இறப்புச் சான்று, ‘நாட கச்சேரி’ எனும் கர்நாடக வருவாய் அலுவலகத்தில் வாங்கும் வம்ச விருட்சம் (குடும்ப உறுப்பினர் பட்டியல்), மற்ற வாரிசுகளின் சம்மதப் பத்திரம் வேண்டும். பெங்களூரில் ஒரு மகள், அமெரிக்காவில் ஒரு மகன் என்று இருப்பார்கள். எல்லாருடைய கையெழுத்தும் வர வேண்டும். ஒருவர் விடுபட்டால் ஆறு மாதம் கழித்து அவர் வந்து “எங்கள் அப்பாவின் வண்டி” என்பார். வாரிசு பெயரில் புது ஆர்.சி. வந்த பிறகு, அந்த வாரிசு 29, 30-ல் உங்களுக்கு மாற்றித் தர வேண்டும். இரண்டு படி. அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக முடிக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். வாரிசு பெயருக்கு மாற்றும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக ஒத்துக்கொள்வார்கள், அதுவரை வண்டியை வேறு யாருக்கும் கொடுக்காமலும் வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் காத்திருந்தாலும் இப்படி வருகிற வண்டிதான் என் கணக்கில் முதல் தரம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது முக்கியமாக ஒன்றைச் சோதியுங்கள்: முன் சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கின்றனவா? ஃபோர் வீல் பேட்ஜ் ஒட்டியிருப்பதும், டேஷ்போர்டில் விளக்கு எரிவதும் போதாது. இஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸை லிவரோ திருகு சுவிட்ச்சோ மாற்றியதைத்தான் அந்த விளக்கு சொல்லும். சத்தம் வருகிறது, டீசல் குடிக்கிறது என்று முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. சில வண்டிகளில் முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் தானாகப் பூட்டிக்கொள்ளும். அதன் குழாய் கிழிந்துவிட்டால் உள்ளே எல்லாம் சுற்றும், சக்கரம் மட்டும் சும்மா இருக்கும். ஜிப்ஸி போன்றவற்றில் ஹப்பைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும். பல வருடம் யாரும் தொடாமல் அது இறுகிப்போயிருக்கும்.

சோதிக்கும் முறை எளிது. தார் ரோட்டில் செய்யாதீர்கள், டயர் வழுக்க இடமில்லாமல் பல்சக்கரங்கள் முறுகி உடையும். ஈர மண் மேடு ஒன்றைத் தேடி, முன் சக்கரம் மேட்டில் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். ஃபோர் ஹை (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டு முதல் கியரில் மெதுவாக ஏற்றச் சொல்லி, நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் டயர் மண்ணைக் கீறி எறிந்தால் இழுக்கிறது என்று அர்த்தம். பிறகு வண்டியை முழுதும் நிறுத்தி, வேகம் குறைந்து இழுவை கூடும் ஃபோர் லோ. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஆமை மாதிரி ஏற வேண்டும். கடகடவென்று சத்தம் வந்தாலோ லிவர் தானாக நழுவினாலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் வேலை காத்திருக்கிறது.

பிறகு ஒரு மெக்கானிக்கின் குழியில் நிறுத்தி, முன்னும் பின்னும் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் பல்சக்கரப் பெட்டியின் ஆயில் பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2015-ல் சென்னை, 2022-ல் நம்ம ஊர் வெளிவட்டச் சாலை, எங்கெங்கோ மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மண் கோடு தெரிந்துவிடும். சேசிஸ் சட்டத்தில் புது கறுப்புப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள், சின்னச் சுத்தியலால் தட்டினால் துருப்பிடித்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். கிலோமீட்டர் மீட்டரை நம்பவே வேண்டாம், பதிவெண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பில்களைக் கேளுங்கள். பரிவாகன் செயலியில் கடன் பாக்கி, இன்சூரன்ஸ், பதிவு நிலை எல்லாம் தெரியும். பெங்களூரு டிராஃபிக் போலீஸ் அபராதப் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், வண்டியோடு சேர்ந்து அதுவும் உங்களுக்கு வரும்.

5 லட்சம் முழுவதையும் வண்டிக்கே போடாதீர்கள். 4 லட்சத்தில் வாங்கி 1 லட்சத்தைக் கையில் வையுங்கள். நாலு நல்ல டயர், கிளட்ச், ஆயில் எல்லாம் முதல் மூன்று மாதத்தில் கேட்கும். சேற்றில் உங்களைக் கரை சேர்ப்பதில் பாதி வேலை டயருடையது. தேய்ந்த டயரோடு ஃபோர் வீல் டிரைவ் வாங்கினாலும் டிராக்டரைக் கூப்பிடத்தான் வேண்டியிருக்கும். டயர் பக்கத்தில் நாலு இலக்க எண் இருக்கும். 3419 என்றால் 2019-ன் 34-வது வாரம் செய்தது.

வண்டி வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. கிளெய்ம் கேட்காததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்குச் சேராது, அதைக் காட்டி விலை ஏற்றினால் ஏமாறாதீர்கள்.

அந்தப் புரோக்கருக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கம், ஓனர் போன் நம்பர். நான்கும் வந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம். வராவிட்டால் ஒரு சனிக்கிழமை அதிகாலை மடிக்கேரிக்குக் கிளம்புங்கள். மழை விட்ட மறுவாரமாகப் பார்த்துப் போனால் சோதிக்க மண்ணும் ஈரமாக இருக்கும்.