விண்வெளிப் படையின் தலைமைக்கு உயர்பவர் விண்வெளிக்குப் போய்வந்தவராக இருக்க வேண்டுமா?

அமெரிக்க விண்வெளிப் படையில் நான்கு நட்சத்திர ஜெனரலாக, அதாவது படையின் மிக உயர்ந்த நிலைக்கு, உயர்பவர்கள் முன்பு விமானியாகவோ விண்வெளி வீரராகவோ இருந்தவர்களா, அவர்களை அந்தப் பதவிக்குத் தயார்ப்படுத்துவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை, பெரும்பாலும் இல்லை என்பதே. இரண்டாவது கேள்விதான் விரிவான பதிலுக்கு உரியது. நான் படையில் பணியாற்றியவன் அல்லன். படைக்குத் தொடர்பில்லாத செயற்கைக்கோள்களை இயக்கும் தரைநிலையம் ஒன்றில் பணிமுறை அடிப்படையில் வேலை பார்த்தவன். செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மேசையில் அமர்ந்தவன் என்ற முறையில்தான் இந்த அதிகாரிகளின் பணி வாழ்க்கையை ஆர்வத்துடன் படித்து வருகிறேன்.

விண்வெளிப் படையின் முதல் தலைமை அதிகாரியான ஜான் ரேமண்டை எடுத்துக்கொள்வோம். 1984இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில், படிப்போடு சேர்த்தே அதிகாரிப் பயிற்சியும் அளிக்கும் திட்டத்தின் வழியாக விமானப் படையில் சேர்ந்தார். முதல் பணியிடம் வடக்கு டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் தளம். வேலை, மினிட்மேன் அணு ஏவுகணைகளின் காவல். நிலத்தடியில், கனமான எஃகுக் கதவுக்குப் பின்னால் உள்ள ஒரு சிற்றறையில் இரண்டு இளம் அதிகாரிகள் ஒரு முழு நாள் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் பொறுப்பில் பத்து ஏவுகணைகள் இருக்கும். ஏவுவதற்கான இரண்டு சாவித் துளைகளும், ஒரே ஆள் இரண்டையும் திருப்ப முடியாத தொலைவில் அமைக்கப்பட்டிருக்கும். வரும் ஒவ்வொரு செய்தியையும் இருவரும் தனித்தனியே எழுத்து எழுத்தாகச் சரிபார்த்து ஒப்பிட வேண்டும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் இதைச் செய்பவர் கற்றுக்கொள்வது வீரம் என்று நாம் வழக்கமாக நினைப்பதை அல்ல; எழுதி வைத்த நடைமுறையை எந்த நெருக்கடியிலும் தவறவிடாத நிதானத்தை. விண்வெளித் தளபதிகளின் அடித்தளம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஏவுகணைக் காவலில் இருந்தவர் விண்வெளிப் பிரிவுக்கு எப்படி வந்தார் என்ற ஐயம் எழலாம். விமானப் படை 1982இலேயே தன் விண்வெளிக் கட்டளையகத்தை அமைத்துவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளின் பொறுப்பும் 1993இல் அதனிடம் ஒப்படைக்கப்பட்டு, 2009இல்தான் வேறொரு கட்டளையகத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே ஒரு தலைமுறை அதிகாரிகள் ஏவுகணை அறைக்கும் செயற்கைக்கோள் அறைக்கும் இடையே மாறி மாறிப் பணியாற்றினார்கள். இன்று உயர்பதவிகளில் இருப்பவர்களில் பலர் அந்தத் தலைமுறையினர்.

ரேமண்ட் பின்னர் இங்கிலாந்தின் ஃபெல்ட்வெல்லில் விண்வெளிக் கண்காணிப்பு ஸ்குவாட்ரன் (சிறு படைப்பிரிவு) ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். 2007 முதல் 2009 வரை கொலராடோவின் பீட்டர்சன் தளத்திலிருந்து 21ஆவது விண்வெளி விங்கை (பல ஸ்குவாட்ரன்களைக் கொண்ட பெரிய பிரிவை) நடத்தினார். கிரீன்லாந்து வரை பரவியிருந்த எச்சரிக்கை ரேடார்களும் கண்காணிப்புக் கருவிகளும் அந்த விங்கின் பொறுப்பில் இருந்தன. அவர் அங்கே இருந்த காலத்தில்தான், 2009 பிப்ரவரி 10 அன்று, செயல்பாட்டில் இருந்த இரிடியம் 33 செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளான காஸ்மாஸ் 2251உம் சைபீரியாவுக்கு மேலே, ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிச் சிதறின. ரேடாரில் பின்தொடரத்தக்க இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டாயின. அதுவரை மோதல் வாய்ப்பை முன்கூட்டியே கணிக்கும் வேலை குறிப்பிட்ட சில செயற்கைக்கோள்களுக்கு மட்டுமே நடந்துவந்தது. அந்த நிகழ்வுக்குப் பிறகு, யாருடையதாக இருந்தாலும், இயங்கும் எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அந்த விரிவாக்கத்தின் பயனை என் பணிமேசையில் நேரடியாகக் கண்டிருக்கிறேன் என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். வரும் எச்சரிக்கைச் செய்தியில் இரண்டு பொருள்களும் மிக நெருங்கும் நேரம், அப்போதைய இடைவெளி, அந்த இடைவெளி மேல்கீழாக எவ்வளவு, பாதையின் திசையில் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்ற விவரங்கள் இருக்கும். இவற்றோடு, அந்தக் கணக்கு எந்த அளவுக்குப் பிழையுடையதாக இருக்கலாம் என்ற மதிப்பீடும் இருக்கும். இடைவெளி சில நூறு மீட்டர் என்று பார்த்ததும் மனம் பதறும். ஆனால் முடிவு செய்ய வேண்டியது அந்த எண்ணை வைத்து அல்ல, பிழை மதிப்பீட்டை வைத்து. விலகினால் எரிபொருள் குறையும், செயற்கைக்கோளின் ஆயுளும் அதனோடு குறையும். விலகாமல் இருந்தால் அடுத்த கணிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். பூமிக்கு அருகிலுள்ள தாழ்வட்டப் பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒரு தரைநிலையத்தின் பார்வையில் பத்து நிமிடம் அளவுக்கே இருக்கும். கட்டளையை அதற்குள் அனுப்பியாக வேண்டும். நான் ஒரு செயற்கைக்கோளுக்காகச் செய்த இதே வகை முடிவைத்தான், பல நாடுகளின் பாதுகாப்பு தொடர்பான அளவில், ஒரு விண்வெளித் தளபதி எடுக்க வேண்டியிருக்கிறது.

2014இல் ரேமண்ட், விமானப் படைக்குள் விண்வெளிப் பணிகளைக் கவனித்த பிரிவான ‘14ஆவது விமானப் படை’க்கும் விண்வெளிக்கான கூட்டுக் கட்டளைப் பிரிவுக்கும் ஒருசேரத் தலைவரானார். கண்காணிப்புக் கருவிகளை நடத்தியவர், அவை தரும் தரவைத் தொகுத்து எச்சரிக்கை அனுப்பும் மையத்துக்கே பொறுப்பேற்றார். அங்கே அவருக்கு முன்பிருந்தவர், நான்கு நட்சத்திர நிலையை எட்டாவிட்டாலும், விண்வெளித் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்த விண்வெளி வீரர் என்ற வகையில் ஒரு விதிவிலக்கு: சூசன் ஹெல்ம்ஸ். விமானப் படை அகாடமியில் பெண்கள் பட்டம் பெற்ற முதல் அணியான 1980ஆம் ஆண்டு அணியைச் சேர்ந்தவர். ஐந்து முறை விண்வெளி சென்றவர். 2001 மார்ச்சில் ஜேம்ஸ் வாஸுடன் 8 மணி 56 நிமிடம் விண்வெளி நடை மேற்கொண்டவர். ஆனாலும் அவரை லெப்டினன்ட் ஜெனரல் (மூன்று நட்சத்திர) பதவிக்குக் கொண்டுசென்றது அந்தப் பயணங்கள் மட்டுமல்ல. படைக்குத் திரும்பிய பிறகு, கேப் கனாவரலின் ஏவுதளங்களைக் கவனிக்கும் 45ஆவது விண்வெளி விங்கைத் தலைமையேற்று நடத்திய பொறுப்பும் அதற்குத் துணைநின்றது.

பிற பணியிடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜெனரல் நிலைக்கு உயர விரும்பும் அதிகாரி மற்றப் படைப்பிரிவுகளோடு இணைந்த பணியில் இருந்திருக்க வேண்டும். ஜெனரல்களின் நியமனங்களுக்குச் செனட் அவையின் ஒப்புதலும் தேவை. ரேமண்ட் ஜப்பானிலும் பென்டகனிலும் கழித்த ஆண்டுகள், செயற்கைக்கோள்களின் சேவையை வாங்கிப் பயன்படுத்தும் பக்கத்திலிருந்து தன் துறையைப் பார்க்க உதவின.

2019 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க விண்வெளிக் கட்டளையகம் (முன்பு சொன்ன விமானப் படையின் கட்டளையகம் அல்ல; எல்லாப் படைகளுக்கும் பொதுவானது) மீண்டும் நிறுவப்பட்டபோது அவரே அதன் தளபதி. டிசம்பர் 20 அன்று சட்டம் கையெழுத்தாகி விண்வெளிப் படை பிறந்தபோது, சட்டப்படி அதன் ஒரே உறுப்பினராகவும் அவரே இருந்தார். மற்றவர்கள் விமானப் படையினராகவே தொடர்ந்தபடி இங்கே பணியாற்றினார்கள். மூன்று வாரத்துக்குள்ளாகவே, 2020 ஜனவரி 8 அன்று, ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியது. கொலராடோவின் பக்லி தளத்தில் பணியிலிருந்த குழுவினர், அகச்சிவப்புச் செயற்கைக்கோள்களில் தெரிந்த ஏவல் வெப்பத்தைக் கண்டு எச்சரிக்கை அனுப்பினார்கள்; தளத்தில் இருந்தவர்களுக்குப் பதுங்குமிடம் செல்ல அது உதவியது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளை அதிர்ச்சிக் காயம் ஏற்பட்டது என்றாலும் உயிரிழப்பு இல்லை. அந்தக் குழுவில் யாரும் போர்க்களத்தில் இல்லை. இந்தத் துறையில் இளம் அதிகாரிகள் பெறும் அனுபவம் எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

2022 நவம்பரில் ரேமண்டின் இடத்துக்கு வந்த சான்ஸ் சால்ட்ஸ்மனும் 1991இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, ஏவுகணைக் காவலில் தொடங்கி, செயற்கைக்கோள் இயக்கத்துக்கு மாறியவர்தான். இனி வருபவர்களுக்கு அந்தத் தொடக்கம் இருக்காது, ஏனெனில் அணு ஏவுகணைப் பணி தனிப் பிரிவாகிவிட்டது. 2020 ஏப்ரலில் விமானப் படை அகாடமியிலிருந்து 86 பேர் நேரடியாக விண்வெளிப் படையில் அதிகாரிகளானார்கள். புதிய அதிகாரிகள் எல்லோருக்கும் செயற்கைக்கோள் இயக்கம், உளவுத் தகவல், கணினி வலைப் பாதுகாப்பு மூன்றையும் கற்பிக்கும் ஓராண்டுப் பயிற்சி 2024இல் தொடங்கியது. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். 2022 பிப்ரவரியில், உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கிய அதே நாளில், ஒரு தனியார் செயற்கைக்கோள் இணையச் சேவை முடக்கப்பட்டது. தாக்குதல் நடந்தது தரையிலுள்ள வலையமைப்பின் வழியாகத்தான். செயற்கைக்கோளுக்கு எதுவும் ஆகவில்லை. அதைக் கண்ட பிறகும் கணினி வலையை வேறொருவர் துறை என்று ஒதுக்கும் அதிகாரி தளபதியாகத் தகுதியற்றவர்.

எனவே, இத்தகைய ஓர் அதிகாரியின் பணிக் குறிப்பைப் படிக்கும்போது பதக்கங்களைவிட இரண்டு இடங்களைக் கவனியுங்கள். கேப்டனாகும் வரை எந்தக் கட்டுப்பாட்டு அறையில் பணிமுறை பார்த்தார் என்பது ஒன்று. லெப்டினன்ட் கர்னலாக எந்த ஸ்குவாட்ரனை நடத்தினார் என்பது மற்றொன்று. ஸ்குவாட்ரன் தலைமையில்தான் ஓர் அதிகாரி, தான் மேசையில் அமர்வதை விட்டுவிட்டு, அமர்ந்திருப்பவர்களை நம்பப் பழகுகிறார். ஜெனரல் பதவிக்கான தேர்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது.