நாக்கு தொடும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

இரண்டு மொழிகள் உரசிக்கொள்ளும் ஊர்களின் பேச்சு பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நாங்கள் 'காற்று', 'நேற்று' என்று சொன்னால் மதுரைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் "மலையாளம் கலந்துபோச்சு" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது என்றும் அவர்களே சொல்கிறார்கள். அப்படி என்ன கலந்திருக்கிறது? – மார்த்தாண்டம் வாசகி

பதில்: ஒன்றும் கலக்கவில்லை. மற்ற ஊர்களில் தொலைந்துபோன ஓர் ஒலி உங்களிடம் மிச்சம் இருக்கிறது.

பத்தி, பற்றி, பட்டி மூன்றையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'த்த'வுக்கு நாக்கின் நுனி மேல்பல்லின் பின்புறத்தைத் தொடும். 'ட்ட'வுக்கு நுனி மடிந்து அண்ணத்துக்குப் போகும். பல் முடிந்து ஈறு மேடாகும் இடம் ஒன்று நடுவில் இருக்கிறதே, அங்கே நுனியை மடிக்காமல் ஒட்டி, ஒரு கணம் மூச்சை அடைத்து, விடுங்கள். உங்கள் குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பலர் சொல்லும் 'ற்ற' அதுதான். மலையாளத்திலும் இந்த மூன்றும் மூன்று தனிச் சொற்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் இதே ஒலி உயிரோடு இருக்கிறது. குமரி மேற்கத்திக்காரர் பேசினால் 'இலங்கையா?' என்று சிலர் கேட்பது இதனால்தான்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இது எழுத்தில் மட்டும் உண்டு. வீட்டில் 'காத்து', 'நேத்து' என்று பல்லுக்குப் போய்விடும். மேடையில் பின்னால் ஒரு 'ர' ஒட்டிக்கொள்ளும். உங்கள் பேச்சைப் போலச் சொல்ல வருபவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். ஒன்று, 'ற்ற'வுக்குப் பின் 'ர' சேர்த்துவிடுவார்கள். இல்லை, நாக்கை மடித்துவிடுவார்கள். 'காற்று அடிக்குது' என்பது 'காட்டு அடிக்குது' ஆகிவிடும்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன்பு பள்ளிக்கூடம், கோர்ட்டு, சந்தை எல்லாம் திருவனந்தபுரத்தைப் பார்த்தே இருந்தன. இந்த ஒலி தேயாமல் நின்றதில் அந்தப் போக்குவரத்துக்கும் பங்கு உண்டு. இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டென்', 'டீ' சொல்லும்போது வெள்ளைக்காரர் நாக்கு தொடுவதும் இதே ஈற்றுமேட்டைத்தான். மற்றத் தமிழர்கள் அங்கே நாக்கை மடிக்கிறோம். மலையாளிகள் 'பேட்டரி' என்பதை 'ற்ற' போட்டு எழுதுவது காரணத்தோடுதான்.

கேள்வி: பாலக்காட்டுத் தமிழ் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு, சிலருக்கு ஆசை. அதன் தனித்தன்மை எது? மலையாளத்தோடு எங்கே பிரிகிறது? – கொல்லங்கோடு வாசகர்

பதில்: முதலில் பிரியும் இடம். மூக்கொலிக்குப் பின் வரும் வல்லினத்தை மலையாளம் பல சொற்களில் கரைத்துவிட்டது. நமது மாங்காய் அங்கே 'மாங்ஙா', கஞ்சி 'கஞ்ஞி', வந்து 'வந்நு'. நாம் 'ங்'கில் தொடங்கி 'க'வில் தட்டுகிறோம்; அவர்கள் தட்டாமல் மூக்கிலேயே இரட்டிக்கிறார்கள். தலை, மலை என்பவற்றின் 'ஐ'யும் தேய்ந்து 'தல', 'மல' ஆகிறது. வினையில் ஆள் காட்டும் விகுதியும் அங்கே இல்லை. வந்தேன், வந்தாய், வந்தான் எல்லாவற்றுக்கும் 'வந்நு' ஒன்றே. பாலக்காட்டுத் தமிழர் விகுதியை விடுவதில்லை, 'வந்தேன்' என்றுதான் சொல்வார். ஆனால் வாக்கியத்தை ஏற்றி இறக்கும் ராகம் பக்கத்து வீட்டு ராகம். தமிழ்ச் சொல் மலையாள மெட்டில் வருவதுதான் காதுக்குப் புதுசாக இருக்கிறது.

பாலக்காட்டுத் தமிழின் 'ஆக்கும்' பற்றியும் சொல்ல வேண்டும். போலப் பேசுபவர்கள் எல்லா வாக்கியத்தின் வாலிலும் அதைக் கட்டிவிடுகிறார்கள். அங்கே அது எதிரில் இருப்பவருக்குத் தெரியாத ஒன்றைத் தெரிவிக்கும்போது வரும். "அது எங்க மாமா வீடாக்கும்" சரி. கேள்வியிலும் கட்டளையிலும் போட்டால் உள்ளூர்க்காரர் முகம் சுளிப்பார்.

கேள்வி: எங்கள் ஊரில் தெலுங்கு பேசுபவர்கள் கோழியைக் 'கோடி' என்கிறார்கள். நாக்கு வராமல்தானா? அவர்கள் பேச்சு மட்டும் ஏன் இவ்வளவு இழைவாக இருக்கிறது? – நகரி வாசகர்

பதில்: நாக்கு வராததால் அல்ல, அதுதான் அவர்கள் சொல். பழைய தெலுங்குக் கல்வெட்டுகளில் 'ழ'வுக்குத் தனி எழுத்தே இருந்தது. பிறகு அந்த ஒலி பல சொற்களில் 'ட'வாகத் திரும்பியது: ஏழு 'ஏடு', கோழி 'கோடி'. கன்னடத்தில் அதே 'ழ', 'ள' ஆனது. மலையாளமும் தமிழும் வைத்துக்கொண்டன. தமிழர்களிலும் எத்தனையோ பேர் 'வாளப்பளம்' என்கிறார்கள், ஆகவே கேலிக்கு இடமில்லை.

இழைவுக்குக் காரணம் சொல்லின் முடிவு. தெலுங்குச் சொல் பெரும்பாலும் உயிரொலியில் முடியும்: ஊர் 'ஊரு', பால் 'பாலு', கண் 'கன்னு', வில் 'வில்லு'. மெய்யில் முட்டி நிற்காததால் அடுத்த சொல் தடங்கல் இல்லாமல் தொடங்குகிறது. நாமும் 'காரு', 'பஸ்ஸு' என்கிறோமே என்று கேட்கலாம். கண்ணாடி முன் நின்று சொல்லிப் பாருங்கள். நமது கடைசி 'உ' குற்றியலுகரம், உதடு குவியாது. தெலுங்கில் உதடு முழுதாகக் குவியும். தமிழர் பேசும் தெலுங்கு தட்டையாகக் கேட்பது பாதி இதனால்தான். அதை மட்டும் திருத்தினாலே போதும், கடைக்காரர் உங்களிடம் தமிழுக்கு மாறாமல் பேசுவார்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அந்த வட்டாரத் தமிழில் 'நைனா', 'அவ்வா' இன்றும் புழங்குகின்றன. கேட்கக் கேட்க அலுக்காத பேச்சு அது.

கேள்வி: ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆங்கிலம் எனக்குப் பிடிக்கிறது, அமெரிக்க ஆங்கிலம் புரிய நேரமாகிறது. இதற்கு விளக்கம் உண்டா? – வாளையார் வாசகர்

பதில்: உண்டு, அதுவும் உங்கள் நாக்கிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் 'கார்' என்றால் கடைசி 'ர்' நம்முடையதைப் போலவே காதில் விழும். லண்டன் செய்தி வாசிப்பாளர் 'கா' என்று நிறுத்திவிடுவார். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மட்டும் 'ர்' திரும்பி வரும். அயர்லாந்தின் பல பகுதிகளில் 'திங்க்' என்பதை ஏறக்குறைய நமது 'த' போலவே பல்லில் தட்டிச் சொல்கிறார்கள். அந்நியர் வாயில் நம் ஒலி கேட்கும் மகிழ்ச்சிதான் உங்களுடையது.

அமெரிக்கரிடம் சிக்கல் 'வாட்டர்', 'பெட்டர்' போன்ற சொற்களில். இரண்டு உயிருக்கு நடுவே வரும் அந்த 'ட்ட' அவர்கள் வாயில் ஈற்றுமேட்டை ஒரு முறை சுண்டிவிட்டுப் போய்விடும், நமது 'ர' போல. 'வாரர்' என்று காதில் விழுந்தால் அது தண்ணீர். இந்த ஒன்றைப் பழகிவிட்டால் பாதி கஷ்டம் தீரும்.

ஆனால் ஒலி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 1974இல் ஹவர்ட் கைல்ஸ், பீட்டர் டிரட்ஜில் முதலிய ஆய்வாளர்கள் கிரேக்க மொழி தெரியாத பிரிட்டன் மாணவர்களுக்கு ஏதென்ஸ் பேச்சையும் கிரீட் தீவுப் பேச்சையும் போட்டுக் காட்டினார்கள். எது இனிமை என்பதில் அவர்களிடம் ஒரே முடிவு வரவில்லை. கிரேக்கர்களுக்கோ ஏதென்ஸ் பேச்சுதான் உசத்தி. தலைநகரம், படிப்பு, பதவி எல்லாம் சேர்ந்தே காதில் விழுகின்றன. எல்லையோரத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்குபவர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறோம். தொல்காப்பியமே பன்னிரு நிலத்துத் திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்தது; தாயைக் குறிக்கும் 'தள்ளை'யை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டினார்கள். அந்தச் சொல் இன்றைய மலையாளத்தில் 'தள்ள'.

கேள்வி: ஊர் நாடகத்தில் குமரி மாவட்டத்து நாஞ்சில் பாட்டியாக நடிக்கிறேன். நான் பொள்ளாச்சிக்காரி. பத்து நாளில் பேச்சு வருமா? – பொள்ளாச்சி வாசகி

பதில்: முழுதாக வராது, மேடைக்குப் போதுமான அளவு வரும். அந்தப் பக்கத்து மூதாட்டி ஒருவரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு நிமிடப் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரே ஆள் பேச்சு போதும், நாலு பேரைக் கலந்தால் குழப்பம்தான். அதில் பத்து வினாடித் துண்டு ஒன்றை எடுத்து, முதல் இரண்டு நாள் சொல்லை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் 'ம்ம்' என்று முனகுங்கள். சொல்லில் தொடங்கினால் உங்கள் கொங்கு இழுப்பிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மூன்றாம் நாள் சொல்லைச் சேருங்கள், 'ற்ற'வில் நாக்கைக் கவனியுங்கள். பிறகு உங்கள் குரலைப் பதிந்து பாட்டியின் துண்டோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். தினம் இருபது நிமிடம் போதும்.

வசனத்தில் 'ங்க'வை உருவி எடுங்கள். 'வாங்க' வரும் இடத்தில் 'வாருங்கள்' என்று இலக்கியத்துக்குப் போகாதீர்கள். 'இருக்கியளா', 'வாறியளா' போதும். மெதுவாக என்பதற்குப் 'பைய', குதிக்காதே என்பதற்குச் 'சாடாதே'. 'மக்கா'வைப் பேரப்பிள்ளையிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் சொல்லுங்கள். 'எலே' வயதில் சின்ன ஆண்பிள்ளைக்கு மட்டும்; நாடகத்தில் சம்பந்தியாக வருபவரைப் பார்த்து அந்தப் பாட்டி வாய் தவறியும் அப்படிக் கூப்பிடமாட்டாள். எழுதித் தந்த வசனத்தில் அப்படி இருந்தால் இயக்குநரிடம் சொல்லி இப்போதே மாற்றிவிடுங்கள்.