வாசகர் கேள்வி பதில்: அம்மா எடுத்து வைத்த பாதிக் குச்சி

போன இதழில் 'உங்கள் அம்மாவிடம் உங்களுக்குப் பிடித்த விசித்திரமான பழக்கம் எது?' என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களை விட என்னிடம் திருப்பிக் கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம். சரி, இந்த வாரம் முழுக்க அம்மாக்களே இருக்கட்டும்.

என் அம்மா பால் கவரைக் கழுவி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார். வீட்டுக்கு யாராவது வந்தால் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. எப்படி நிறுத்தச் சொல்வது?
– வாசகி, தாம்பரம்

நிறுத்தச் சொல்லாதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது, பால் கவருக்கு விலக்கு கொடுத்தார்கள். அதனால் அது தினமும் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். கழுவாமல் குப்பையில் போட்டால் நாறும், கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். உங்கள் அம்மா செய்வதுதான் சரி. வேண்டுமானால் பின்பக்கம் அவருக்கென்று தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. என்னைக் கூப்பிட நினைத்தால் அண்ணன் பெயர், தம்பி பெயர், மாமா பெயர் எல்லாம் வந்த பிறகுதான் என் பெயர் வருகிறது. மறதி நோயின் ஆரம்பமா?
– வாசகர், வேலூர்

நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டாரா? அப்படியென்றால் பயப்பட வேண்டாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதைப் பற்றி 1,700க்கும் அதிகமானவர்களிடம் விசாரித்து 2016ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெயர் மாறுவது பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள்தான், அதாவது பிள்ளை பெயருக்கு இன்னொரு பிள்ளையின் பெயர் வரும், நண்பன் பெயருக்கு இன்னொரு நண்பனின் பெயர் வரும். வீட்டு நாயின் பெயர்கூட அந்த வரிசையில் சேர்ந்துவிடுகிறதாம், பூனையின் பெயர் சேர்வதில்லையாம். கல்லூரி மாணவர்களுக்கும் இப்படி நடக்கிறது என்பதால் வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

ஆனால் பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது என்று ஏதாவது புதிதாகத் தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

என் அம்மா தன் தம்பியில் ஆரம்பித்து, என் அக்காவைத் தொட்டு, தொழுவத்துப் பசு வரைக்கும் போய்விட்டு, "ஏட்டி, உன்னத்தான்" என்று என்னிடம் வந்து நிற்பார். அந்த வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அவர் கையால் சாப்பிட்டவர்கள்.

எங்களிடம் கேட்டீர்களே, உங்கள் அம்மாவின் பழக்கம் என்ன?
– வாசகி, ராஜபாளையம்

எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீசில் இருந்து குச்சி வாங்கி வந்து வீட்டில் வைத்துக் கட்டை அடுக்குவார் அம்மா. பள்ளம் பள்ளமாக வெட்டிய மரச்சட்டத்தில் பள்ளத்துக்கு ஒரு குச்சி என்று வைத்துக்கொண்டே போக வேண்டும், குச்சிகளின் நுனி எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் ஆபீசில் மெழுகிலும் மருந்திலும் முக்கும்போது எல்லாக் குச்சியிலும் ஒரே அளவாகப் பிடிக்கும். கட்டைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எங்களுக்குக் கதை சொல்லிக்கொண்டே, குனிந்து பார்க்காமலே அடுக்குவார்.

எங்கள் படிப்பு முடிந்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார், விரல்தான் விடவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சரி, தீப்பெட்டி கண்ணில் பட்டால் எடுத்துத் திறப்பார். தலை மாறிக் கிடக்கும் குச்சிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, மருந்துப் பக்கமெல்லாம் ஒரே திசையில் வருகிற மாதிரி வைத்து, பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். சம்பந்தி வீட்டில் முதல்முறை காப்பி குடித்த அன்றும் இதைச் செய்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு.

இன்னொன்று, எரிந்த குச்சியைத் தூக்கிப் போட மாட்டார். அடுப்பு பற்றவைத்த குச்சியை ஊதி அணைத்து, பக்கத்தில் ஒரு டப்பா மூடியில் போட்டுவைப்பார். சாயங்காலம் விளக்கேற்றும்போது அந்தப் பாதிக் குச்சியை அடுப்பில் காட்டிப் பற்றவைத்து, கையைக் குவித்து மறைத்துக்கொண்டு பூஜை அலமாரிக்கு நடப்பார். புதுக் குச்சி ஒரு நாளைக்கு ஒன்றுதான். நான் வேலைக்குப் போய் கேஸ் அடுப்பும் லைட்டரும் வாங்கிக் கொடுத்த பிறகும் அந்த மூடி அடுப்படியை விட்டுப் போகவில்லை. "ஒரு குச்சிக்கு எத்தன கை படுதுன்னு எனக்குத் தெரியும்ட்டி" என்பார்.

2007ல் தீப்பெட்டி 50 காசில் இருந்து 1 ரூபாய் ஆனபோது எனக்குப் போன் போட்டுச் சொன்னார். அதன் பிறகு பதினான்கு வருடம் விலை ஏறவில்லை. 2021 டிசம்பர் 1ஆம் தேதி 2 ரூபாய் ஆனது. செய்தியைப் படித்ததும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கை தானாகப் போனை எடுத்தது, அதற்கு ஐந்து மாதம் முன்புதான் அவர் போயிருந்தார்.

அம்மாவின் சமையலை எழுதிவைக்க ஆசை. எதைக் கேட்டாலும் 'ஒரு கை போடு', 'கண்ணளவுதான்' என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், காரைக்குடி

அவரிடம் அளவு கேட்காதீர்கள். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி அடுப்பு மேடையில் வையுங்கள். அதன் மேல் ஒரு கிண்ணம் வைத்து, அம்மா எதை அள்ளினாலும் முதலில் அந்தக் கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள், எடையைக் குறித்துக்கொண்டு பிறகு சட்டியில் கொட்டலாம். மூன்று நாள் ஒரே குழம்பை இப்படிக் குறித்தால் அவருடைய 'ஒரு கை' எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே போனில் குரலையும் பதிவு செய்யுங்கள். தாளிக்கும்போது என்ன முணுமுணுக்கிறார், எப்போது மூக்கை நீட்டி வாசம் பிடிக்கிறார் என்பதைத் தராசு சொல்லாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள்.