வலிக்காத காதைக் கண்டால்தான் எனக்குப் பயம்

காது, மூக்கு, தொண்டை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற மாதம் காதில் சீழ் வடிவதைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தைச் சொல்கின்றன: ‘வலியெல்லாம் இல்லை, டாக்டர்.’ இருபத்தேழு வருடங்களாகக் காது அறுவை சிகிச்சை செய்துவரும் என்னை அந்த வாக்கியம் நிம்மதியாக உட்காரவிடுவதில்லை. ஆகவே இந்த இதழ் முழுக்கக் காது ஜவ்வுக்கும் நடுக்காதுக்கும்தான்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஐந்து வயதிலிருந்து சளி பிடித்தாலே வலது காது ஒழுகும். சொட்டு மருந்து விட்டால் நின்றுவிடும். ஜவ்வில் ஓட்டை இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். அடுத்த வருடம் வரன் பார்க்கலாம் என்றிருக்கிறோம். தழும்பு தெரியுமா? முகம் கோணிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். தள்ளிப்போடலாமா?
– ஒரு தாய், அருப்புக்கோட்டை

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தழும்பைப் பற்றி இருக்கிறது, வரனைப் பற்றி இருக்கிறது. மகளுக்கு அந்தக் காதில் எவ்வளவு கேட்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்காருகிறாள், செல்போனை எந்தக் காதில் வைத்துப் பேசுகிறாள் என்று இன்று இரவே அவளிடம் கேளுங்கள். பதினான்கு வருடங்களாக ஒரு காதைத் திருப்பிக் கொடுத்தே பழகிய பிள்ளைகள் தங்கள் குறையைத் தாமாகச் சொல்வதில்லை.

ஜவ்வு என்பது ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமனும் உள்ள தோல். அவ்வளவு மெல்லியதற்குள் மூன்று அடுக்குகள். அதற்குப் பின்னால், நடுக்காதில், சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். அங்கவடியின் அடித்தட்டைவிட ஜவ்வின் பரப்பு சுமார் பதினேழு மடங்கு பெரியது. அகலமான ஜவ்வில் விழும் ஒலி அந்தச் சின்னத் தட்டில் குவிவதால்தான் காற்றில் வரும் ஓசை உள்காதின் திரவத்தை அசைக்க முடிகிறது. ஜவ்வில் ஓட்டை விழுந்தால் இந்தக் கணக்கு குலைகிறது. எலும்புச் சங்கிலியும் அறுந்திருந்தால் இழப்பு இன்னும் அதிகம். தலைக்குக் குளிக்கும் தண்ணீரும் ஓட்டை வழியாக உள்ளே போய்ச் சீழ் பிடிக்க வைக்கிறது.

மகளுக்குச் செய்யவிருப்பது ஒட்டு அறுவை சிகிச்சை. டிம்பனோபிளாஸ்டி என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், சோல்னர் என்ற இரு மருத்துவர்கள் இதை ஒரு முறையான சிகிச்சையாக்கினார்கள். நாம் சோற்றை மெல்லும்போது கன்னப்பொறியில் ஒரு தசை அசைகிறதே, அதைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துக் காயவைப்போம். காய்ந்ததும் அது எண்ணெய்க் காகிதம்போல் ஆகிவிடும். ஓட்டையின் விளிம்பைச் சுரண்டிப் புதுப்பித்துவிட்டு, அதை உள்பக்கமாகச் செருகி, கரையக்கூடிய பஞ்சால் முட்டுக்கொடுப்போம். ஒட்டு, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான்; அதைப் பற்றிக்கொண்டு மகளுடைய சொந்த ஜவ்வே வளர்ந்து மூடும். ஓட்டை பெரியதாக இருந்தாலோ முன்பு ஒருமுறை ஒட்டு தவறியிருந்தாலோ காது மடலின் குருத்தெலும்பைச் சீவி வைப்பதை நான் விரும்புகிறேன். அது எளிதில் சுருங்காது.

தழும்பைக் கேட்டீர்கள். காதுக்குப் பின்னால் கீறினால், மடலும் தலையும் சேரும் மடிப்பில் அது ஒளிந்துவிடும். எண்டோஸ்கோப் மூலம் காதுத் துளை வழியாகவே செய்தால் அதுவும் இல்லை. ஒட்டு எடுக்க முடிக்குள் ஒரு சிறு கீறல் மட்டும் இருக்கும். முகம் கோணுவதைப் பற்றி: முகத்தை அசைக்கும் நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது, ஆகவே உங்கள் உறவினரின் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு இருப்பதுபோன்ற எளிய ஓட்டையில் அந்த நரம்பின் அருகே வேலையே இல்லை. உண்மையில் வரக்கூடியது வேறு. நாக்கின் சுவை நரம்பு ஒன்று ஜவ்வை ஒட்டியே ஓடுகிறது. அதைத் தொட்டு வேலை செய்தால் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள், நாக்கின் ஒரு பக்கம் இரும்பை நக்கியதுபோல் இருக்கும். மடலின் மேல்பகுதி கொஞ்ச காலம் மரத்திருக்கும். இவற்றை முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஒட்டு பிடித்துவிடுகிறது. மீதிப் பேரில் பலருக்குத் தவறுவதற்குக் காரணம் மூக்குதான். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. ஒவ்வாமையாலோ நாள்பட்ட சளியாலோ அது அடைந்துகிடந்தால் புது ஜவ்வும் உள்ளிழுக்கப்படும். ஆகவே முதலில் மூக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள்; காது சில வாரங்கள் காய்ந்திருக்கட்டும்; எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் பரிசோதனையும் எடுத்து வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே இந்தச் சிகிச்சை செய்கிறார்கள்.

தள்ளிப்போட வேண்டாம். வரனுக்காகச் செய்யவும் வேண்டாம். அவளுக்காகச் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு 46 வயது, விவசாயி. இடது காதில் இருபது வருடங்களாகத் துளித்துளியாக நீர் வருகிறது. நாற்றம் உண்டு, வலி இல்லை. ஸ்கேன் பார்த்துவிட்டுக் கொலஸ்டியடோமா, எலும்பைச் சுரண்ட வேண்டும் என்றார்கள். காது கேட்குமா என்றால் உறுதி சொல்ல முடியாதாம். கொழுப்புக் கட்டிதானே, எண்ணெயும் முட்டையும் நிறுத்தினால் கரையாதா? கேட்காத காதுக்கு எதற்கு ஐயா ஆபரேஷன்?
– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

ஐயா, நான் பெண் மருத்துவர், அது இருக்கட்டும். உங்கள் கடிதம்தான் இந்த மாதம் நான் மிகவும் அஞ்சிப் படித்த கடிதம்.

அந்தப் பெயரே ஒரு தவறு. 1838-இல் யோகன்னஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அது. அதில் கொலஸ்டிராலும் இல்லை, அது புற்றுநோயும் இல்லை. முட்டையை நிறுத்தினால் எதுவும் கரையாது. அது தோல், ஐயா. இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும் தோல். உங்கள் உள்ளங்கையில் தோல் தினமும் செத்து உதிர்கிறது, கழுவினால் போய்விடுகிறது. அதே தோல், உள்ளே இழுக்கப்பட்ட ஜவ்வின் மடிப்பில் பை மாதிரி சிக்கிக்கொண்டால் உதிர்ந்தது வெளியே வர வழியில்லை. வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காகச் சேர்கிறது, ஊறுகிறது, நாறுகிறது. பை பெருக்கப் பெருக்கப் பக்கத்திலுள்ள எலும்பை அரிக்கிறது. முதலில் பட்டடை போகும், பிறகு அங்கவடி. அதன் பிறகு அது எந்தப் பக்கம் போகும் என்பதுதான் கேள்வி. மேலே போனால் நடுக்காதின் கூரை. அதற்கு மேல் மூளை. உள்ளே போனால் உடலைச் சமநிலையில் நிறுத்தும் அரைவட்டக் குழாய். பக்கத்தில் முக நரம்பு. பின்னால் மூளையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய நாளம்.

நான் முதுநிலை மாணவியாக இருந்தபோது ஓர் இரவில் பன்னிரண்டு வயதுப் பையனைத் தூக்கி வந்தார்கள். காய்ச்சல், ஓயாத தலைவலி, வாந்தி. கேட்டால் பதில் சொல்லாமல் தூங்கித் தூங்கி விழுந்தான். காதில் பஞ்சு வைத்திருந்தது. பஞ்சை எடுத்ததும் அறை முழுக்க அந்த நாற்றம். மூளையில் சீழ்க்கட்டி. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: ‘அவனுக்கு வலிக்கவே இல்லையேம்மா, வலிச்சிருந்தா கூட்டிட்டு வந்திருப்பேனே.’ நரம்பியல் அறுவை மருத்துவர்கள் சீழை எடுத்தார்கள், பிறகு நாங்கள் காதைத் திறந்தோம். பையன் பிழைத்தான். எல்லாப் பிள்ளைகளும் பிழைப்பதில்லை.

எனவே கேட்காத காதுக்கு எதற்கு ஆபரேஷன் என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: உயிரையும் முகத்தையும் காக்க. செவித்திறன் அதற்கு அடுத்தது. உங்கள் மருத்துவர் பொய்யான நம்பிக்கை கொடுக்காமல் பேசியிருக்கிறார், அவரை நம்புங்கள். சளி பிடிக்கும்போது நூல் நூலாகக் கொட்டுகிற காதைப் பார்த்து வீடே பதறும். துளி அளவு, நாற்றத்தோடு, வலியில்லாமல் வருகிற காதை யாரும் பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஆபத்து இரண்டாவதில்தான்.

காதுக்குப் பின்னால் தேன்கூடுபோல் காற்றறைகள் உள்ள மாஸ்டாய்டு எலும்பை, மைக்ரோஸ்கோப் வைத்துச் சிறிய துரப்பணத்தால் திறந்து, அந்தப் பையின் கடைசி இழைவரை எடுக்க வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. காதுத் துளையின் பின்சுவரை அப்படியே விட்டுவிட்டு எடுப்பது ஒன்று. காது இயல்பான தோற்றத்தோடு இருக்கும், ஆனால் உள்ளே ஒரு துளி மிஞ்சினாலும் மறைவில் மறுபடி வளரும். அதனால் ஒரு வருடம் போல் கழித்து மீண்டும் திறந்து பார்ப்போம், அல்லது அதற்கென்றே உள்ள எம்.ஆர்.ஐ. எடுப்போம். சுவரையும் எடுத்து ஒரே பெரிய குழியாக்கிவிடுவது மற்றது. அதில் ஒளிய இடமில்லை. ஆனால் வருடத்துக்கு ஓரிரு முறை வந்து குழியைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். கிணற்றில் குதிக்க முடியாது. குளிர்ந்த நீர் பட்டால் தலை சுற்றும். ஊருக்கு வெளியே இருக்கும், அடிக்கடி வர இயலாத ஒருவருக்கு எது சரி என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மறு பரிசோதனைக்கு வருவாரா என்று உறுதியில்லாதவருக்கு நான் இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். அறுவடை முடியட்டும் என்று நினைத்திருந்தால் தேதியை இப்போதே வாங்கிவையுங்கள். அதற்குள் தலைசுற்றலோ, முகத்தில் ஒரு பக்கம் தளர்வோ, காய்ச்சலோடு தலைவலியோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: பத்து நாட்களுக்கு முன் வீட்டில் நடந்த சண்டையில் கன்னத்தில் அறை விழுந்தது. அப்போதிலிருந்து இடது காதில் ‘ங்’ என்ற ஒலி, மந்தம். மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். விடலாமா?
– பெயர் வேண்டாம்

விடாதீர்கள். ஜவ்வு கிழிந்திருந்தால் எந்தச் சொட்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கடையில் கொடுக்கும் சில சொட்டுகளில் ஜென்டாமைசின், நியோமைசின் இருக்கும். கிழிசல் வழியாக உள்ளே போனால் உள்காதையே கெடுக்கக்கூடியவை அவை. வாசலின் தடவிய பஞ்சை வைத்துக்கொண்டு குளியுங்கள், மூக்கைப் பலமாகச் சிந்தாதீர்கள். இப்படி அறையினால் விழும் கிழிசல்கள் பெரும்பாலும் இரண்டு மாதங்களுக்குள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூன்று மாதமாகியும் மூடாவிட்டால்தான் ஒட்டு. ஆனால் தலைசுற்றல் இருந்தாலோ காது கொஞ்சமும் கேட்கவில்லை என்றாலோ நாளைக்கே ஒரு காது மருத்துவரிடம் போங்கள்.

வலது கைக்காரர் எதிரே நின்று அறைந்தால் இடது காதில்தான் விழும். இடது காதைப் பொத்திக்கொண்டு வந்து ‘கதவில் இடித்துக்கொண்டேன்’ என்று சொன்ன பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அறை என்று எழுதினீர்கள். அதற்கே துணிவு வேண்டும். அரசு மருத்துவமனைக்குப் போனால் அதையே அங்கும் சொல்லுங்கள், விபத்துப் பதிவேட்டில் எழுதிவைப்பார்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் எந்த நேரமும் உண்டு. காது மூடிக்கொண்டாலும் அந்த எண்ணைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு இரவில் காது வலி வந்தால் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விடுவது எங்கள் வழக்கம். தவறா?
– ஒரு பாட்டி, திருவையாறு

தவறுதான், பாட்டி. ஜவ்வில் ஓட்டை இருக்கிறதா என்பது வெளியிலிருந்து உங்களுக்கும் தெரியாது, எனக்கும் கருவி இல்லாமல் தெரியாது. சூடான எண்ணெயால் வெந்துபோன குழந்தைக் காதுகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தையின் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து, தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, விடிந்ததும் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாலூட்டும் மருமகளிடம், குழந்தையை மட்டமாகப் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: விடுமுறையில் ஊருக்கு வந்து காதில் ஒட்டு ஆபரேஷன் செய்துகொண்டேன். பதினோராவது நாள் துபாய்க்கு டிக்கெட் இருக்கிறது. ஓட்டுநர் வேலை. போகலாமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

விமானம் இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் கூடும். மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். உங்கள் குழாய் இப்போது வீங்கியிருக்கும், ஒட்டு இன்னும் பஞ்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. குறைந்தது ஆறு வாரமாவது கழியட்டும், அதுவும் உங்களுக்கு அறுவை செய்த மருத்துவர் ஜவ்வைப் பார்த்துச் சரி என்ற பிறகு. அதுவரை தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். சிமெண்டு மூட்டை, தண்ணீர்க் குடம் எதையும் தூக்காதீர்கள். கையிலுள்ள ஆடியோகிராம், டிஸ்சார்ஜ் சீட்டு இரண்டையும் படமெடுத்து உங்கள் நிறுவனத்துக்கு அனுப்பி, மருத்துவ விடுப்பு கேளுங்கள். மருத்துவரிடம் விடுப்புச் சான்றிதழில் ‘விமானப் பயணம் கூடாது’ என்று ஆங்கிலத்தில் தனியாக எழுதி வாங்குங்கள். டிக்கெட்டை மாற்றுவதற்கான பணம் போனால் போகட்டும். இரண்டாம் முறை ஒட்டு வைப்பதற்கு அதைவிட அதிகமாகும்; அப்போது உங்கள் கன்னப்பொறியில் ஒட்டு எடுக்கவும் வேறு இடம் தேட வேண்டியிருக்கும்.