மொராண்டியின் புட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டியைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்து ஐம்பது படமாவது பார்த்திருப்பேன். எல்லாவற்றிலும் அதே நாலு புட்டி, ஒரு கிண்ணம், ஒரு டப்பா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஊரைவிட்டு அதிகம் நகரவில்லை என்கிறார்கள். ஒரு மனிதர் ஏன் இப்படி ஒடுங்கிப்போனார்? அவர் வாழ்க்கையில் ஏதாவது மர்மம் உண்டா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாழ்க்கையில் தேடினால் பெரிதாக ஒன்றும் அகப்படாது. 1890ல் பொலோன்யாவில் பிறந்தார், 1964ல் அங்கேயே இறந்தார். ஃபொண்டாட்சா தெரு வீட்டில் அம்மாவோடும் மூன்று தங்கைகளோடும் வாழ்ந்தார். படுக்கிற அறையிலேயேதான் வரைந்தார்.

இதை வைத்து அவரைத் துறவி ஆக்கிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1930 முதல் 1956 வரை நுண்கலைக் கல்லூரியில் எட்சிங், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்துத் தாளில் அச்செடுக்கும் கலையை, சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். 1928ல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் பாசிசத்தின் மேல் தனக்கிருந்த நம்பிக்கையைச் சொல்லியிருக்கிறார். அதே மனிதரை 1943ல், பாசிச எதிர்ப்பாளர்களோடு பழக்கம் என்று பிடித்துச் சில நாள் சிறையில் வைத்தார்கள். 1957ல் பிரேசிலின் சாவோ பாலோ பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியத்துக்கான பெரும்பரிசு வந்தது. உலகம் அவர் வீட்டுக்குள்ளும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது.

சரி, புட்டிகளுக்கு வருவோம். கண்ணாடிப் புட்டியைப் பார்த்தால் நம் கண் முதலில் அதன் பளபளப்பில் போய் நிற்கும். மொராண்டிக்கு அது வேண்டாம். புட்டிக்குள் வண்ணத்தை ஊற்றி அதன் ஒளி ஊடுருவும் தன்மையைக் கொன்றார். டப்பாக்களுக்கு மேலே மங்கலாகச் சாயம் பூசினார். படிந்த தூசியைத் துடைக்காமல் விட்டார். மேசையில் தாள் விரித்து, ஒவ்வொரு பொருளும் நிற்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்துவைத்தார். கொஞ்சம் நகர்த்தினால் அது அவருக்கு வேறு படம். அப்படித்தான் 1300க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் வந்தன.

ஐம்பதையும் ஒரே மூச்சில் பார்த்தால் யாருக்கும் சலிக்கும், எனக்கும் சலித்தது. அப்புறம் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1950களில் வரைந்தது. உடம்பெல்லாம் வரியோடிய, நீண்ட கழுத்துள்ள வெள்ளைப் புட்டி. அதை ஒட்டி ஒரு பெட்டி. இரண்டும் தொடும் கோட்டை மட்டும் பாருங்கள். அது லேசாக நடுங்கும். எது முன்னால், எது பின்னால் என்று கண் தடுமாறும். நிழல் என்று நினைத்தது பெட்டியின் பக்கமாகிவிடும். நீங்கள் கேட்ட மர்மம் அந்தக் கோட்டில் இருக்கிறது. அதற்காகத்தான் அவர் நாற்பது வருடம் அதே மேசை முன்னால் நின்றார் என்று நான் நம்புகிறேன். ஒடுங்கிப்போனவரால் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முடிந்தால் அவரது கடைசி வருட நீர்வண்ணப் படங்களையும் பாருங்கள். சிலவற்றில் புட்டி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள்தான் இருக்கும். சுற்றிலும் மட்டும் சாம்பல் நிறம் தீட்டியிருப்பார்.