பழைய மோசின் ரைபிளுக்கு மலிவான உபரித் தோட்டா: எதை வாங்கலாம்?

கேள்வி: உரிமத்துடன் வாங்கிய மோசின்-நகாந்த் 91/30 ரைபிள் என்னிடம் இருக்கிறது. 100 மீட்டரில் காகித இலக்கைச் சுட மட்டுமே பயன்படுத்துகிறேன். புதுத் தோட்டா எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 1950களின் ராணுவ உபரித் தோட்டாக்களை ஒருவர் பிளாஸ்டிக் பையில் போட்டு, "குழலைத் துருப்பிடிக்க வைக்காது" என்று உறுதியளித்து விற்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்தப் பையை வாங்காதீர்கள். உபரித் தோட்டாவே ஆகாது என்பது என் கருத்தன்று; உங்கள் தேவைக்கு அது தாராளமாகப் போதும். உங்கள் ரைபிளுக்குரிய 7.62×54ஆர் தோட்டாக்களை (முதல் எண் குழலின் விட்டம், அடுத்தது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் மி.மீ.யில்; 'ஆர்' என்றால் அடியில் விளிம்பு உள்ளது) சோவியத் அணி நாடுகள் இருபது இருபதாகக் காகிதத்தில் சுற்றி, பெரும்பாலும் 440 கொள்ளும் காற்றுப் புகாத தகர டப்பாக்களில் அடைத்து வைத்தன. டப்பாவின் சீல் உடையாமலும் தகரம் அரிக்காமலும் இருந்தால், எழுபது ஆண்டு கழித்தும் உள்ளே வெடிமருந்து நன்றாகவே இருப்பது வழக்கம். சீலை உடைத்த பிறகு அது யார் வீட்டுக் கொட்டகையில் எத்தனை மழைக்காலம் கிடந்தது என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது.

பையில் விற்பவர்கள் பலரும் செய்வது, மிஞ்சியவற்றையெல்லாம் ஒன்றாகக் கொட்டி எடை பார்ப்பதுதான். ஒரு கைப்பிடி எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்: மேலே தொழிற்சாலை எண், கீழே ஆண்டு. 10 என்றும் 52 என்றும் இருந்தால் பல்கேரியா, 1952. 21 என்றால் ஹங்கேரி. 22 என்றால் ருமேனியா. ஒரே கைப்பிடியில் இரண்டு தொழிற்சாலை எண்கள் தென்பட்டால் அந்தப் பை கூட்டி அள்ளியது என்று முடிவு கட்டலாம். லாட், அதாவது ஒன்றாகத் தயாரித்த தொகுதி, மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். நீங்களோ உங்கள் கையைக் குறை சொல்லிக்கொண்டு குறிமுள்ளைத் தட்டித் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

"துருப்பிடிக்க வைக்காது" என்பது இந்த வியாபாரத்தின் பழைய பொய். அக்காலத்து சோவியத் அணி ராணுவத் தோட்டாவின் பிரைமரில், அதாவது அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு குப்பியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படிந்து, மழை நாளில் உப்பு ஜாடி கசிவதைப் போலக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்த உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். இதைச் சொல்லாமல், உப்பை "முறிக்கும்" என்று அம்மோனியா கலந்த திரவத்தைத் தனியாக ஒரு விலைக்கு விற்கும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். உப்பு அமிலமன்று, அதில் முறிப்பதற்கு ஒன்றுமில்லை, அந்தக் குப்பியில் வேலை செய்வதும் தண்ணீர்தான். சுட்ட அன்றே போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் நகரும் தண்டை) கழற்றி, தோட்டா அமரும் அறைப் பக்கத்திலிருந்து குழல் வழியாக வெந்நீரை ஊற்றி, போல்ட்டின் முகப்பையும் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே எண்ணெய் தடவுங்கள்.

பழைய ராணுவத் தோட்டா எதுவானாலும் துருப்பிடிக்க வைக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு விலக்கு என்று நான் மனமறிந்து சொல்வது சுவிஸ் ராணுவத்தின் 7.5 மி.மீ. ஜிபி11 தோட்டா: அதன் பிற்காலத் தயாரிப்புகள் குழலை அரிப்பதில்லை, துல்லியத்திலும் அதற்குப் பெயர் உண்டு. ஆனால் அது உங்கள் ரைபிளில் நுழையாது. அதைக் காட்டி ஆசைப்பட்டு யாராவது பழைய சுவிஸ் ரைபிள் வாங்கினாலும், 1911ஆம் ஆண்டு மாடலும் கே31உம் அதற்குப் பொருந்துமே தவிர, குறைந்த அழுத்தத் தோட்டாவான ஜிபி90க்காகச் செய்த 1889 மாடலில் அதைச் சுடுவது ஆபத்து. 1896 மாடலிலும் 96/11 என்று மாற்றியமைத்தவை மட்டுமே சரி. "சுவிஸ் தோட்டா, சுவிஸ் துப்பாக்கி, பிறகென்ன?" என்று இரண்டையும் சேர்த்து விற்பவர்கள் உண்டு என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

குண்டு முனையின் நிறத்தையும் பாருங்கள். மஞ்சள் என்றால் கனமான குண்டு. வெள்ளி நிறம் என்றால் எஃகு உள்ளீடு கொண்ட இலகு குண்டு. பச்சை முனை ஒளிர்ந்து செல்வது. கறுப்பும் சிவப்பும் சேர்ந்தது கவசம் துளைத்துத் தீ மூட்டுவது. கடைசி இரண்டையும் தொடவே வேண்டாம்.

இனி அலுவலகத்தார். உரிமத் தாளில் "7.62" என்று மட்டும் எழுதி முத்திரை குத்திவிடுகிறார்கள், 7.62×25, 7.62×39, 7.62×51, 7.62×54ஆர் என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத தோட்டாக்கள் இருப்பதை எழுதுபவரும் கேட்பதில்லை, கையெழுத்திடுபவரும் கேட்பதில்லை. முழு அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். சுடுதளங்களோ எஃகு உள்ளீடு கூடாது என்று விதி வைத்துக்கொண்டு காந்தத்தால் சோதிக்கின்றன. குண்டின் மேலுறை மட்டும் எஃகாக, உள்ளே ஈயமாக இருந்தாலும் காந்தம் ஒட்டும் என்று எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் திருப்பி அனுப்பத்தான் போகிறார்கள். ஆகவே டப்பாவுக்குப் பணம் கட்டுமுன், அதே லாட்டின் படத்தையும் விவரத்தையும் காட்டிச் சுடுதளப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் கழுத்தில் விரிசல் விட்டவை, பச்சைக் களிம்பு ஏறியவை, விரலால் தொட்டால் குண்டு ஆடுபவை ஆகியவற்றைப் பிரித்து வையுங்கள். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழல் இலக்கை நோக்கியபடியே குறைந்தது 30 விநாடி பொறுத்திருந்து பிறகு போல்ட்டைத் திறங்கள். ஓசை மெலிதாகக் கேட்டால், அடுத்த தோட்டாவைப் போடுமுன் போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.