மொத்த விலைக்குத் தலையாட்டும் முன்

கேள்வி: பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரு பழைய சாமான் வியாபாரி வந்து பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு ஒரு தொகை தருவதாகச் சொல்கிறார். உள்ளே விலை போகக்கூடியது ஏதாவது இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே விற்பது?

பதில்: அந்த வியாபாரியைக் கடைசியாகக் கூப்பிடுங்கள். அவரை மோசமானவர் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டையே ஒரு விலைக்குக் கேட்பவர், தனக்குக் கட்டுப்படியாகும் நாலு பொருளையாவது கண்ணில் குறித்துக்கொண்டுதான் கேட்பார். உடன்பிறந்தவர்கள் இருந்தால் எதை விற்பது, யார் எதை வைத்துக்கொள்வது என்பதை முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். விற்ற பிறகு பேசினால் சண்டைதான்.

தேடும்போது பீரோ, மேசை இழுப்பறைகளை முழுசாக வெளியே உருவுங்கள். அடிப்பலகையிலும் பின்பக்கத்திலும் உறையை ஒட்டி வைப்பது பழைய பழக்கம். படச் சட்டங்களின் பின்அட்டை, பெட்டிகளின் உள்துணி, கோட்டுப் பைகள், சமையலறை டப்பாக்களின் அடி என்று எதையும் விடாதீர்கள். புத்தகங்களைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் பழைய தையல் விட்டுப்போகும், பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். காகிதங்களை மட்டும் அவசரப்பட்டுக் கிழித்துப் போட வேண்டாம். பங்குச் சான்றிதழ், வைப்புத்தொகை ரசீது, காப்பீட்டுப் பத்திரம் எல்லாம் பழைய பில்களுக்கு நடுவில்தான் கிடக்கும். சான்றிதழில் உள்ள நிறுவனத்தின் பெயரே இன்று இல்லை என்றாலும், அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்திருக்கலாம். விசாரிக்காமல் எறியாதீர்கள்.

இனி உலோகம். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மோதிரத்தின் உள்பக்கம், சங்கிலியின் கொக்கி, கரண்டியின் அடி ஆகியவற்றில் முத்திரையைத் தேடுங்கள். 916 என்றால் 22 காரட், 750 என்றால் 18, 585 என்றால் 14, 375 என்றால் 9 காரட் தங்கம். வெள்ளியில் 925, 800 போன்ற எண்கள் இருக்கும். இ.பி.என்.எஸ். என்று இருந்தால் அது வெள்ளி முலாம் பூசிய கலப்பு உலோகம், பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். காந்தத்தை வைத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்கு ஓரளவுதான் மதிப்பு. ஒட்டினால் பெரும்பாலும் தங்கமோ வெள்ளியோ இல்லை. ஒட்டாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கிக்குள் எஃகு ஸ்பிரிங் இருந்து, அது மட்டும் ஒட்டுவதும் உண்டு. முத்திரையே போலியாகவும் இருக்கலாம் என்பதால் கடைசித் தீர்ப்பு சோதனைக் கருவியுடையதுதான். அறுந்த சங்கிலி, ஜோடி தொலைந்த காதணி, தங்கப் பல், பழைய ஃபவுண்டன் பேனாவின் நிப்பு ஆகியவற்றையும் தனியாக எடுத்து வையுங்கள்.

எதையும் தேய்த்துக் கழுவாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. புளியோ பவுடரோ போட்டுப் பளிச்சென்று ஆக்கிய பழைய நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் சீந்தமாட்டார்கள். தபால்தலையை உறையிலிருந்து உரிக்க வேண்டாம், முத்திரையோடு முழு உறையாக இருப்பதற்கே சில சமயம் கூடுதல் விலை. புத்தகத்தின் மேலுறை கிழிந்திருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருட்டில் ஒளிரும் முள்ளுள்ள பழைய கைக்கடிகாரத்தைத் திறக்கவே கூடாது. 1960கள் வரை அவற்றில் கதிரியக்கமுள்ள ரேடியம் பூசினார்கள்.

விற்கப் போகும்போது, விலை சொல்பவரும் வாங்குபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். கட்டணம் வாங்கிக்கொண்டு மதிப்பிட்டுத் தருபவரிடம் முதலில் காட்டுங்கள். நகையை உருக்கும் விலைக்குக் கொடுப்பதானால் கணக்கு எளிது: 585 முத்திரையுள்ள 10 கிராமில் சுத்தத் தங்கம் 5.85 கிராம், அதை அன்றைய சுத்தத் தங்கத்தின் கிராம் விலையால் பெருக்குங்கள். கடைக்காரர் இதைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் தருவார், எவ்வளவு குறைக்கிறார் என்று இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். வெவ்வேறு காரட்டை ஒன்றாகக் கொட்டி எடை போட விடாதீர்கள். நல்ல வேலைப்பாடோ செய்தவரின் முத்திரையோ உள்ள நகைக்கு உருக்கும் விலை அநியாயம், அதற்கு ஏல நிறுவனம் சரி. அங்கே கமிஷன் எவ்வளவு, குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கலாமா, விற்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இணையத்தில் விலை பார்க்கும்போது விற்று முடிந்த விலையைப் பாருங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் போடலாம்.

தந்தப் பொருள் இருந்தால் தனியாக விசாரியுங்கள். யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்குக் கடும் தடை இருக்கிறது, உள்நாட்டிலும் பல இடங்களில் விற்பது குற்றம். மற்றபடி பெரிய மர அலமாரி, கலைக்களஞ்சியத் தொகுதிகள், பீங்கான் சாப்பாட்டு செட் போன்றவற்றுக்கு நீங்கள் நினைக்கும் விலை பெரும்பாலும் கிடைக்காது. அப்புறம், நேரடியாக யாருக்காவது விற்றால் பணம் உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு பொருளைக் கொடுங்கள். எதிராளி தன் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கொடுத்துவிட வேண்டாம்.